மறுபிறவி எடுத்த வானுக்கு மூன்று மணிக்குப் பரீட்சை

அத்தியாயம் 14

போன வாரம் தேனுஜாவை வானின் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு எழுந்து வந்துவிட்டோம். பாவம், அந்தப் பெண் இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். திறப்பைப் போட்டுத் திருப்புகிறாள். வான் உறுமுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பொசுக்கென்று அணைந்து போகிறது.

"இன்னொருக்கா அடிச்சுப் பார் பிள்ளை," என்றார் வெளியே நின்ற அப்பா சிறீதரன்.

"பத்துத்தரம் அடிச்சிட்டன் அப்பா. இனி அடிச்சால் பற்றறிதான் சாகும்."

தேனுஜா வேலை செய்கிற கராஜின் சுவரில் மணி பத்தேகால். பரீட்சை மூன்று மணிக்கு.

எந்த வான், என்ன பரீட்சை என்று கேட்கிறவர்களும் இருப்பீர்கள். கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் அதற்குள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வரலாம்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு பூக்கடைக்கு ஓடித் திரிந்த வெள்ளை வான் இது. நெடுஞ்சாலையில் லொறி ஒன்றோடு மோதி முன் இடப்பக்கம் அப்பளமாகிப் போனது. 'முழு நட்டம்' என்று எழுதிவிட்டுக் காப்புறுதிக்காரர் கைகழுவிவிட்டார்கள். ட்யூரனில் கராஜ் வைத்திருக்கும் குணசேகரம் அதை இழுத்துவந்து, நசுங்கியதை வெட்டியெறிந்து, வேறொரு வானின் முகத்தைக் கொண்டுவந்து பொருத்தி, 'விபத்துப்பட்டுத் திருத்தியது' என்று ஒப்பந்தத்தில் ஒளிக்காமல் எழுதி விற்றார். சிறீதரன் வேண்டவே வேண்டாம் என்றார். "வாங்குங்கோ, நான் பொறுப்பு," என்று அடித்துச் சொன்னவள் தேனுஜா.

அவள் சொன்னதற்கு மதிப்பு இல்லாமலில்லை. இருபத்திரண்டு வயது. மூன்றரை வருடம் ஆஹெனில் வாகனத் திருத்தத்துக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, அதே கராஜில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஊர்ச் சனம் முதலில் வாயில் கைவைத்தது. பிறகு தங்கள் கார்களைக் கொண்டுவந்து வாசலில் வரிசையாக விட்டது.

வான் தேனுஜாவுக்கு இல்லை, அம்மா யோகத்துக்கு. பதினொரு வருடமாக விடியற்காலை நாலரைக்கு எழும்பி அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற யோகத்துக்கு, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் மத்தியானச் சாப்பாடு விற்க நகரசபை ஓர் இடம் கொடுத்திருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை முதல் நாள். சோறு, கறி, கொத்துரொட்டி. இந்திய மாணவர்கள் இப்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் வான் இருந்தால்தான் கடை.

தூஃப் என்று எல்லோரும் சொல்கிற வாகனப் பரிசோதனையில் நாலு வாரத்துக்கு முன் வான் கோட்டை விட்டது. பிறேக் குழாய், முன் விளக்கு, ஒரு சில்லு மூட்டு. மூன்றையும் தேனுஜா மாற்றிவிட்டாள். திருத்திக் கொண்டுவந்து காட்டக் கொடுத்த ஒரு மாதத் தவணைக்கு இன்றுதான் கடைசி நாள். இன்றைய தினம் பார்த்து உலகக் கிண்ணக் காற்பந்தும் தொடங்குகிறது. ஆறு மணிக்கு ஜெர்மனி ஆடுகிறது. நாடே மூன்று மணியோடு இழுத்துப் பூட்டிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தப்போகிறது. கடைசி டெர்மின், அதாவது பதிவு செய்த நேரம், தேனுஜாவுக்கு.

"இண்டைக்குப் பாஸ் பண்ணாட்டி நான் வித்துப்போடுவன். பேந்து ஒருத்தரும் என்னோடை கதைக்கப்படாது," என்று சிறீதரன் போன வாரமே சொல்லிவிட்டார்.

இப்போது விளங்குகிறதா, ஏன் அந்தப் பெண் இருக்கையை விட்டு எழும்பாமல் கிடக்கிறாளென்று?

பத்து நாளாகத்தான் இந்தப் புது வியாதி. எஞ்சின் எடுத்த மாத்திரத்தில் அணைகிறது. தப்பித்தவறி ஓடினால் பிறேக் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அது எரிந்தபடி போனால் பரிசோதகர் இறங்கிப் பார்க்கவும் மாட்டார், "அடுத்தவர்" என்று சொல்லிவிடுவார். கணினியைப் பொருத்திக் கேட்டபோது, பின் இடது சில்லின் வேகத்தை அளக்கிற உணரி சரியில்லை என்று சொன்னது. தேனுஜா புதியதே வாங்கிப் போட்டாள். விளக்கு அதையும் மதிக்கவில்லை.

"எல்லாம் உந்தக் குணசேகரத்தின்ரை வேலை," என்றார் சிறீதரன். சொன்னதோடு நில்லாமல் கைத்தொலைபேசியை எடுத்து அழுத்தினார். "குணசேகரம் அண்ணையோ? நீங்கள் ஒரு மனிசனோ அண்ணை? ஒட்டுப்போட்ட வானை என்ரை தலையிலை கட்டி..."

அவர் பேசிய பேச்சை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். மறுபக்கத்தில் குணசேகரம் முழுவதையும் கேட்டுவிட்டு ஆறுதலாகச் சொன்னதுதான் முக்கியம்.

"தம்பி, நான் வயர் ஒட்டின இடம் முன் சில்லுக்கு மேலை இருக்கு. பிள்ளையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கோ. அதிலை ஒரு பிழை எண்டாலும் வானையும் திருப்பி எடுக்கிறன், கராஜையும் பூட்டுறன்."

தேனுஜா உறையைக் கழற்றினாள். உள்ளுக்குள் அவளுக்கும் சந்தேகம்தான். முறுக்கி விட்டு நாடா சுற்றிய வயர்களைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒவ்வொரு வயரும் ஈயம் வைத்து ஒட்டி, தனித்தனி உறை போட்டு, நிறம் மாறாமல் இணைத்து, பார்க்கவே கண்ணுக்கு வடிவாக இருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?"

"என்ரை முதலாளிகூட இப்பிடிச் செய்யமாட்டார் அப்பா. நீங்கள் அந்த மனிசனை வீணாப் பேசிப்போட்டியள்."

சிறீதரன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முகம் தொங்கிப்போனது.

பதினொன்றரைக்கு யோகம் வந்தாள். வேலையிடத்து நீலச் சட்டையோடு நேரே பஸ் எடுத்து வந்திருந்தாள். கையில் சாப்பாட்டுப் பொதி. வானையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ஓடுமே?"

"தெரியேல்லை அம்மா. கொஞ்சம் பேசாமல் இருங்கோ, யோசிக்கிறன்."

தேனுஜா நிலத்தில் சப்பாணி கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பழுதை ஒழுங்காகத் தேடுகிறவர் சாமான் மாற்றக்கூடாது, வழியைத் தேட வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவசரத்தில் அவளே அதை மறந்து உணரியை மாற்றியிருக்கிறாள். எஞ்சின் ஏன் அணைகிறது? டீசல் வரவில்லை. டீசலை அனுப்புகிற பம்ப் எங்கே? பின்னால், தாங்கிக்குள். விளக்கு ஏன் எரிகிறது? பின் சில்லிலிருந்து சேதி வரவில்லை. அதுவும் பின்னால்.

இரண்டும் பின்னால். இரண்டு வயரும் ஒரே பாதையால் முன்னுக்கு வருகின்றன!

"அப்பா, காலமையிலை வான் வேறை என்ன சேட்டை விடும்? நீங்கள்தானே ஓட்டினது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வேறையென்ன... கண்ணாடி உள்ளுக்கை புகார் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் சட்டைக் கையாலை துடைச்சுத் துடைச்சுத்தான் ஓடுறன்."

"ஆனி மாசத்திலையா? உள்ளுக்கையா?"

"ஓமெண்டுறன்."

தேனுஜா துள்ளி எழுந்தாள். வெயில் காலத்தில் கண்ணாடியின் உட்பக்கம் பனிக்கிறதென்றால் உள்ளே எங்கோ தண்ணீர் நிற்கிறது. எங்கே? ஓட்டுநர் இருக்கையின் கீழ்தானே முன்னுக்கும் பின்னுக்கும் போகிற வயர்கள் எல்லாம் ஒரு பெரிய பிளக்கில் வந்து சேர்கின்றன!

நாலு ஆணியைக் கழற்றி இருக்கையை அப்படியே தூக்கி வெளியே வைத்தாள். தரைவிரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். சளக்கென்று ஒரு சத்தம். அடியில் இருந்த பஞ்சு, குளத்தில் ஊறப்போட்ட மாதிரி ஊறிக் கிடந்தது. பிளக் அதற்குள் படுத்திருந்தது.

"பிடிச்சிட்டன்! அப்பா, பிடிச்சிட்டன்!"

கராஜ் முழுவதும் கேட்கக் கத்தினாள். அடுத்த நிமிடம் பஞ்சைப் பிழிந்து பார்த்தாள்.

பஞ்சில் ஊறியிருந்த தண்ணீர் மஞ்சள் நிறம்.

"என்ன, என்ன?" என்று சிறீதரன் தலையை நீட்டினார்.

"றேடியேற்றர் தண்ணியும் இந்த வானிலை மஞ்சள்தான் அப்பா." அவள் குரல் இறங்கிப்போனது. "சூடாக்கிற பெட்டி உடைஞ்சு ஒழுகுதெண்டால், முன் பலகை முழுக்கக் கழற்றவேணும். ரெண்டு நாள் வேலை."

"மணி பன்னிரண்டே முக்கால்," என்றார் சிறீதரன். அவ்வளவுதான் சொன்னார். ஒரு பழைய டயரின் மேல் போய் உட்கார்ந்தார்.

யோகம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

தேனுஜாவுக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. நான் பொறுப்பு என்று என்ன வீறாப்பாகச் சொன்னாள்! அம்மா திங்கட்கிழமையும் நாலரைக்கு எழும்பப்போகிறாள், அதற்கு அடுத்த நாளும் எழும்பப்போகிறாள், எல்லாம் தன்னால் என்று நினைத்துக்கொண்டே கை கழுவும் தொட்டிக்குப் போனாள். பழைய சவர்க்காரக் கட்டியை எடுத்து விரல்களில் தேய்த்தாள்.

விரல் சிவந்தது.

வெட்டுப்பட்டுவிட்டதோ என்று கையைத் திருப்பிப் பார்த்தாள். காயம் எதுவும் இல்லை. மஞ்சளாக இருந்த விரல் நுனிகள் எல்லாம் சவர்க்காரம் பட்ட இடத்தில் குங்குமமாகிக் கொண்டிருந்தன. நுரைகூடச் சிவப்பு.

ஆராத்தித் தட்டு பார்க்காத தமிழ்ப் பெண் உண்டா? மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் என்ன நிறம் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சவர்க்காரம் பட்டாலும் அதே கூத்துத்தான். றேடியேற்றர் தண்ணீர் ஏழு பிறவியெடுத்தாலும் இப்படிச் சிவக்காது.

தேனுஜா விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். சமையலறை வாசம்.

மெதுவாகத் திரும்பினாள்.

"அம்மா. வானுக்கு என்ன செய்தனீங்கள்?"

"நானோ? நான் என்னத்தைச் செய்யிறது?"

"அம்மா!"

யோகம் பொதியைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டு மகாதேவி அக்காதான் சொன்னவா. மோதுப்பட்ட வாகனம், உதுக்குள்ளை ஆருக்கு என்ன நடந்துதோ தெரியாது, அப்பிடியே சமைச்ச சாமானை ஏத்தினால் தொழில் விளங்காதெண்டு. அதுதான் மஞ்சள் தண்ணி தெளிச்சுத் தோசம் கழிச்சு விட்டனான்."

"எப்ப?"

"போன வெள்ளிக்கு முதல் வெள்ளி. நீங்கள் ரெண்டுபேரும் வேலையிலை."

"எவ்வளவு தண்ணி?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டால்?"

"ஒரு வாளி."

தேனுஜா அம்மாவையே பார்த்தபடி நின்றாள்.

"ரெண்டு வாளி," என்றாள் யோகம். "முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு."

"உப்பும் போட்டனீங்களோ?"

"உப்புப் போடாமல் ஆரும் கழிப்பினமே? ரெண்டு பிடி போட்டனான்."

உப்புத் தண்ணீர்! மின்சாரம் ஓடுகிற பிளக்குக்கு நஞ்சு கொடுக்க வேண்டுமென்றால் இதைவிடச் சிறந்த கஷாயம் கிடையாது. தேனுஜாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வானின் கதவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்னடி, விசரே உனக்கு?" யோகம் பயந்துபோனாள்.

"அம்மா, சூடாக்கிற பெட்டி உடையேல்லை! ஒண்டும் உடையேல்லை! பிளக்குத்தான் ஊத்தை. கழுவினால் சரி!"

சிறீதரன் டயரிலிருந்து எழுந்தார். "அப்ப குணசேகரத்தாரிட்டை நான் அவ்வளவு பேச்சுப் பேசினது..."

"அதைப் பேந்து பார்ப்பம். இப்ப அந்தச் சூட்டுக் காத்து அடிக்கிற மெசினை எடுங்கோ!"

அதன் பிறகு அந்தக் கராஜில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். தேனுஜா பிளக்கைப் பிரித்தாள். உள்ளே ஊசி ஊசியாக நின்ற செப்பு முனைகளில் பச்சைப் பாசி பிடித்திருந்தது. முதலில் உப்புப் போகச் சுத்த நீர், பிறகு ஸ்பிரிட். அதைத் தேய்க்கப் பல் தூரிகையைக் கையில் எடுத்தபோது யோகம் பறித்துக்கொண்டாள்.

"இஞ்சை விடு. பதினொரு வரியமா ஊரான்ரை ஊத்தையைத் தேய்க்கிறன். நான் ஊத்தின உப்பை நான்தான் எடுக்கவேணும்."

சொன்னபடி தேய்த்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முனை முனையாக, இடுக்கு இடுக்காகத் தேய்த்தாள். சிறீதரன் சூட்டுக் காற்றைப் பிடித்தார். ஒருதரம் யோகத்தின் கையில் பிடித்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, என்னைக் காயவைக்காமல் பிளக்கைக் காயவையுங்கோ!"

"நீர் கையை எடுமன்."

இரண்டு முனைகள் மட்டும் தேறவில்லை; தொட்டதும் உதிர்ந்துவிட்டன. ஒன்று பம்ப் வயர், மற்றது சில்லு வயர். பத்து நாளாக ஆட்டி வைத்த இரண்டு கள்ளரும் அங்கேதான் இருந்தார்கள். தேனுஜா அவற்றை வெட்டியெறிந்துவிட்டு, குணசேகரம் செய்த மாதிரியே ஈயம் வைத்து, உறை போட்டு, புது முனை பொருத்தினாள்.  

இரண்டு மணி இருபது நிமிடம். பிளக்கை அழுத்தினாள். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. இருக்கையை ஏற்றி நாலு ஆணியையும் முடுக்கினாள்.

திறப்பைப் போட்டாள். யோகம் கண்ணை மூடிக்கொண்டாள். சிறீதரன் மூச்சு விடவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. இருபது. வான் ஓடிக்கொண்டேயிருந்தது! தேனுஜா முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினாள். எச்சரிக்கை விளக்கு எரிந்தது, தயங்கியது, அணைந்தது.

"ஏறுங்கோ! கெதியா ஏறுங்கோ!"

போகிற வழியெல்லாம் கார்களில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி. பல்கனிகளில் கொடி. ஒரு நாய்க்குக்கூடக் கழுத்தில் கொடி கட்டியிருந்தார்கள். எவனோ ஒருவன் ஊதுகுழலை ஊத, யோகம் யன்னலால் கையைக் காட்டினாள். ஊர் முழுவதும் தன் வானுக்காகத்தான் திரண்டு நிற்கிறது என்று அவளுக்கு எண்ணம்.

இரண்டு மணி ஐம்பத்தைந்துக்கு உள்ளே நுழைந்தார்கள். பரிசோதகர் வேலைக் கோட்டை அரைவாசி கழற்றிவிட்டிருந்தார். வானைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, கோட்டைத் திரும்பப் போட்டார்.

வானைச் சுழல் உருளையில் ஏற்றிப் பிறேக்கைப் பார்த்தார். சரி. விளக்கு, சரி. மூட்டை ஆட்டிப் பார்த்தார். சரி. பிறகு வானை உயர்த்தி, முன் இடப்பக்கம் வெட்டி ஒட்டிய இடத்துக்குக் கீழே போய் நின்றார். டோர்ச் அடித்தார். விரலால் தடவினார். நின்றார், நின்றார், நின்றுகொண்டேயிருந்தார். 

"யார் இதை ஒட்டியது?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ட்யூரனில் ஒருவர்," என்றாள் தேனுஜா.

"நல்ல வேலை. இப்போதெல்லாம் ஒருவரும் இப்படிச் செய்வதில்லை." கீழே இறக்கினார். உள்ளே ஏறி, எஞ்சினை எடுத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினார். எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைந்தது. அணைந்தபடியே இருந்தது. "உங்கள் விரல்கள் ஏன் சிவப்பாக இருக்கின்றன?"

"அது பெரிய கதை," என்றாள் தேனுஜா.

"அப்படியானால் வேண்டாம். எனக்கு மாட்ச் இருக்கிறது."

பின் இலக்கத் தகட்டில், 2008 வரைக்கும் செல்லும் நீல வட்டத்தை அழுத்தி ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கட்டைவிரலால் ஒருதரம் தடவியும் விட்டார். எந்த மகராசனோ, யோகத்துக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மூன்று பேரும் வாகனத் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டார்கள். யோகம் மகளைக் கட்டிப்பிடித்தாள். எண்ணெய் படும் என்று தேனுஜா விலகப் பார்த்தாள், யோகம் விடவில்லை. "என்ரை குஞ்சு! நீ சொன்னபடி செய்துபோட்டாய்!" என்று முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், இரண்டு பேரும் அழுதார்கள்.

"அம்மா, நகரசபைக்குத் திங்கள் காலமை கடதாசியளைக் குடுக்கவேணும். இந்த ரிப்போர்ட், பேந்து பிறீஃப். அப்பா, பிறீஃப் வீட்டிலையோ, காருக்கையோ?"

பிறீஃப் என்பது வாகனத்தின் உரிமைப் பத்திரம். அது எவர் கையில் இருக்கிறதோ வாகனம் அவர் வசம் என்று ஜெர்மனியில் குழந்தைக்கும் தெரியும்.

சிறீதரன் வானின் மறுபக்கம் நழுவப் பார்த்தார்.

"அப்பா?"

"அது என்னட்டை இல்லைப் பிள்ளை." அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நேற்றுக் குடுத்திட்டன். பெல்ஜியத்து ஒய்ப்பனிலை இருந்து ஒருத்தன் வந்தவன், பழைய வாகனங்களை ஏத்துமதி செய்யிறவன். ஒப்பந்தம் எழுதியாச்சு. இண்டைக்கு அஞ்சு மணிக்கு வந்து வானை ஏத்துவான்."

தேனுஜாவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. "பாஸ் பண்ணாட்டித்தானே விக்கிறதெண்டு சொன்னனீங்கள். சோதினை இண்டைக்குத்தானே?"

"பத்து நாளாப் பாடுபட்டனி. சரிவரேல்லை." சிறீதரன் இப்போதுதான் மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ செய்வாயெண்டு நான் நம்பேல்லை, பிள்ளை. அதுதான் உண்மை. காலமை முழுக்கச் சொல்ல வாயெடுத்தன், சொல்ல ஏலாமல் போச்சு."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. காலையிலிருந்து பக்கத்தில் நின்று, காற்று மெசினைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எல்லாம் செய்த மனிதர், அவ்வளவையும் மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். தேனுஜா வானின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது பார்த்துச் சிறீதரனின் சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது; அந்த ஒய்ப்பன்காரன்தான். அவர் எடுப்பதற்குள் யோகம் எடுத்துவிட்டாள். அலுவலகங்களில் பழகிய ஜெர்மன் அவளுடையது. இலக்கணம் தவறும், குரல் தவறாது.

"வான் விற்பனைக்கு இல்லை," என்றாள். "நீங்கள் வாருங்கள், கோப்பி தருகிறேன். பிறீஃபைக் கையோடு கொண்டுவாருங்கள்."

மறுமுனையில் அந்த ஆள், ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தான் என்று கத்துவது தேனுஜாவுக்கும் கேட்டது. யோகம் தொலைபேசியை அணைத்துக் கணவரின் பைக்குள் திரும்பப் போட்டாள்.

"அம்மா, அப்பா கையெழுத்து வைச்சிட்டார். சட்டப்படி அவன் கேப்பான்."

"கேக்கட்டுமே. கடை என்ரை பேரிலை, வானும் என்ரை பேரிலை, பிறீஃபிலையும் என்ரை பேர்தான் கிடக்கு. கொப்பர் தன்ரை பேரிலை ஆயிரம் கையெழுத்து வைக்கட்டும், எனக்கென்ன?" யோகம் வெற்றிக் களிப்போடு முன் கதவைத் திறந்து ஏறினாள். "எடு பிள்ளை வானை."

சிறீதரன் அசையவில்லை.

"யோகம்," என்றார். "பதினொரு வரியமா வீட்டுக்கு வாற அன்ட்றாக் படிவமெல்லாத்துக்கும் உம்மடை கையெழுத்தை நான்தானே வைக்கிறனான். நேற்றும்... பழக்கத்திலை... உம்மடை கையெழுத்தைத்தான் வைச்சனான்."

 யோகம் இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டிக்கொண்டாள்.

"சரி, ஏறுங்கோ," என்றாள். "அஞ்சு மணிக்கு அந்தாளுக்கு முன்னாலை ஒரு பேனையைத் தாங்கோ. ஒப்பந்தத்திலை கிடக்கிறது என்ரை கையெழுத்து இல்லையெண்டு அவனே பாக்கட்டும். யோகத்தின்ரை கையெழுத்து எப்பிடியிருக்குமெண்டு இண்டைக்கு நானே வைச்சுக் காட்டுறன்."